கயத்தாற்றில் ஒரு கல்

கயத்தாறு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு தேநீர்க் கடை. மாலை நேரம். காட்டு வேலை முடித்துத் திரும்பிய சம்சாரிகள், காற்றாலையில் வேலை பார்க்கும் இளைஞர்கள், தீப்பெட்டி ஆபீசிலிருந்து கூலி வாங்கி வந்தவர்கள் என்று பலரும் அங்கே கூடியிருந்தனர். கடையின் மூலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதிலே 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம். ஜாக்சன் துரையும் கட்டபொம்மனும் எதிரெதிரே நின்று பேசும் காட்சி வந்தது. கடை அடங்கிவிட்டது! தேநீர் ஆற்றிய கை அப்படியே நின்றது. காசு கொடுக்க எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்களில் அந்தக் காட்சியைப் பத்து முறைக்குக் குறைவாகப் பார்த்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் முதன்முறை பார்ப்பவர் போலவே பார்த்தனர்.

காட்சி முடிந்தது. வாதம் தொடங்கிற்று.

"அண்ணாச்சி, இதெல்லாம் நெசமா நடந்ததா? சினிமாவுக்கு எழுதுன வசனந்தானே?" என்றார் ஓர் இளைஞர்.

"நடக்காமலா தம்பி, இந்த ஊருல கொண்டாந்து தூக்குல போட்டான்?" என்றார் பெரியவர்.

"தூக்குல போட்டது சரி. அவரும் சம்சாரிகிட்ட வரி வாங்குனவர்தானே?" என்று குறுக்கிட்டார் மூன்றாமவர்.

"அவரு எங்க ஆளுகய்யா!" என்றார் இன்னொருவர். "அப்போ சுந்தரலிங்கம் யாரு ஆளு? அவருக்குப் படத்துல எத்தனை காட்சி கொடுத்தாங்க?" என்று சூடாகக் கேட்டார் அடுத்த பெஞ்சுக்காரர்.

நாமும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள். சினிமாப் பேச்சு, பொழுது போகாதவர் பேச்சு என்று இவற்றை ஒதுக்கிவிட்டுப் போகிறவன் பொது வேலைக்கு லாயக்கற்றவன் என்பது நம் கருத்து. உழைக்கும் மக்கள் பழைய கதை ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றால், அதில் அவர்களுக்கு இன்னும் தீராத கணக்கு ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கு என்ன என்று பார்ப்போம்.

கூத்திலிருந்து கொட்டகைக்கு

இந்தக் காட்சி 1959இல் பிறந்தது அன்று. அதற்கு வெகு காலம் முன்பே, கட்டபொம்மன் கதை கம்பளத்தார் கூத்தாக ஊர் ஊராக நடந்தது, கதைப்பாடலாகப் பாடப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளையன் இடித்தான். அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தான். மனிதர் மறுபடி அங்கே குடியேறக் கூடாது என்று பார்த்தான். ஆனால் மக்கள் வாயில் என்ன விதைக்க முடிந்தது அவனால்? கோட்டை போன பிறகும் கூத்து இருந்தது. பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

சிறு பையனாக இருந்தபோது அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் தமக்கு நடிப்பின்மேல் ஆசை வந்தது என்று சிவாஜி கணேசனே சொல்லியிருக்கிறார். அந்த ஆசை 1957இல் மேடை நாடகமாயிற்று. வசனம் எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. 1959 மே மாதம் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப் படமாக வந்தது. அடுத்த ஆண்டு, 1960இல், கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. கெய்ரோ என்பதைக் கவனியுங்கள். 1956இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி, அந்நியக் கம்பெனியை வெளியேற்றிய நாட்டின் தலைநகர் அது. நம் மண்ணில் வந்து எங்களிடமே வசூல் செய்ய நீ யார் என்ற கேள்வியை அந்த ஊராருக்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திராது!

கூத்து நாடகமாயிற்று, நாடகம் படமாயிற்று, படம் தொலைக்காட்சிக்கு வந்தது, இன்று சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியிலும் ஓடுகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் காகித மீசை ஒட்டிக்கொண்டு இந்த வசனத்தைப் பேசாத தலைமுறை தமிழ்நாட்டில் இல்லை. இத்தனை வடிவம் மாறியும் மாறாமல் நிற்பது ஒன்றுதான். அதிகாரத்தின் முன்னே ஒரு மனிதன் தலை நிமிர்ந்து, "எதற்காக?" என்று கேட்பது.

நெசமா நடந்ததா?

இளைஞரின் கேள்விக்கு வருவோம். படத்தில் பேசிய வார்த்தைகள் அப்படியே நடந்தவையா? இல்லை. அவை நாடக ஆசிரியரின் வார்த்தைகள். இதை மறைக்க வேண்டியதில்லை. மறைப்பது நம் வேலையும் அன்று.

அந்த வசனத்தில் வரும் வேளாண்மை வேலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை தண்ணீர் பாயும் நஞ்சை நிலத்து வேலைகள். நம் கரிசலில் நாற்று எங்கே, நடவு எங்கே? மழையை நம்பி விதைக்கிறோம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானம் பார்த்த பயிர்கள். அந்தப் பட்டியலைக் கேட்டு நம் சம்சாரி, "இது தாமிரபரணிக்காரன் பாடு, நம்ம பாடு இல்லை" என்று எழுந்து போனானா? இல்லை! கேள்வி தன்னுடையது என்று கண்டுகொண்டான். உழைப்பில் பங்கில்லாதவனுக்கு விளைச்சலில் பங்கு ஏது என்பதே அந்தக் கேள்வி. அது நஞ்சைக்கும் பொது, புஞ்சைக்கும் பொது, தீப்பெட்டி ஆபீசுக்கும் பொது.

சரி, உண்மையில் நடந்தது என்ன? அது படத்தைவிடச் சுவையானது, தோழர்களே!

1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பாளையக்காரர்களைக் கேட்டா செய்தார்கள்? நவாபு கடன்பட்டான், நம் ஊர் அடகுக்குப் போயிற்று. அந்த அதிகாரத்தோடு வந்த கலெக்டர்தான் ஜாக்சன். 1798இல் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி உத்தரவிட்டான். வழியிலே பார்க்கப் போன கட்டபொம்மனைப் பார்க்காமல் ஊர் ஊராக இழுத்தடித்தான். 23 நாட்கள், சுமார் 400 மைல் அலைச்சல்! கடைசியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் பேட்டி. கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. 1080 வராகன் மட்டுமே பாக்கி. அந்தப் பேட்டி முழுவதும், மூன்று மணி நேரம், கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

படத்தில் சிங்கம் போல் கர்ஜித்தவரை நாம் பார்த்தோம். ஆவணத்தில் இருப்பவர் கணக்கோடு வந்து, மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டவர். இவர்களில் எவர் உங்களுக்கு நெருக்கமானவர்?

நம்மைக் கேட்டால் இரண்டாமவர் என்போம். கர்ஜிக்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? நிற்க வைக்கப்படாதவர் மட்டும் நம்மில் எவர்? அடங்கல் வாங்க நின்றிருக்கிறோம். பயிர்க் காப்பீட்டுக்கு நின்றிருக்கிறோம். பாக்கிக் கூலிக்கு முதலாளி வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம். நாற்காலி காலியாக இருக்கும். உட்கார் என்று சொல்ல நா வராது. அந்த நிற்றலின் வலி தெரிந்தவர்கள்தான் திரையில் ஒருவன் நிமிர்ந்து பேசும்போது தேநீரை மறந்து பார்க்கிறார்கள். வார்த்தை நாடக ஆசிரியர் கொடுத்தது. வலி வரலாறு கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொண்டு பார்ப்பவனுக்குக் காட்சியின் சுவை குறையாது, இரட்டிக்கும்.

கலெக்டர் போனான், கம்பெனி போகவில்லை

இன்னொன்று. அந்தப் பேட்டி கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி மாண்டான். சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் வெளியேறினார். சென்னைக்கு முறையிட்டார், விசாரணைக் குழு அமைந்தது. முடிவு என்ன தெரியுமா? கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது குழு! சுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சனின் வேலை போயிற்று!

இதைச் சொன்னபோது தேநீர்க் கடையில் ஒருவர் கையைத் தட்டினார். தட்ட வேண்டியதுதான், ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜாக்சன் இடத்துக்கு லூஷிங்டன் வந்தான். அழைப்பும் கப்பமும் தொடர்ந்தன. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அங்கே கட்டுண்டிருந்த கம்பெனிப் படைக்குத் தெற்கே திரும்ப நேரம் கிடைத்தது. செப்டம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியின் முன் நின்றான். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கு. முதல் ஆண்டு குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டு கயிறு!

பாடம் புரிகிறதா? ஆளை மாற்றினார்கள், ஆட்சியை மாற்றவில்லை. கெட்ட கலெக்டர் போய் நல்ல கலெக்டர் வந்தால் போதும் என்று இருந்தவர்களுக்கு வரலாறு சொன்ன பதில் அது. மேனேஜரை மாற்றிவிட்டார்கள் என்று மகிழ்ந்துவிட்டு, மாதம் முடிந்ததும் அதே கூலியைக் கையில் வாங்கிப் பார்த்த எந்தத் தொழிலாளிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அவரும் வரி வாங்கியவர்தானே?

மூன்றாமவர் கேட்ட கேள்வி கூர்மையானது. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே தலைப்பிட்டுத் தமிழ்வாணன் ஒரு நூல் எழுதியதை மூத்தவர்கள் அறிவார்கள். அதற்கு மறுப்புகளும் வந்தன. இன்றும் அந்தச் சண்டை ஓயவில்லை.

நம் பதில் நேரானது. பாளையக்காரரும் குடிகளிடம் வாங்கியவர்தான். காவலுக்கென்றும் வாங்கினர், நிலத்துக்கென்றும் வாங்கினர். அவர்கள் காலத்தில் உழவன் மாளிகையில் வாழ்ந்தான் என்று கதைக்க நாம் தயாரில்லை. ஆனால் ஒன்று. பாளையக்காரர் வாங்கியது இங்கேயே ஏரியிலும் கோயிலிலும் சோற்றிலும் ஓரளவேனும் திரும்பியது. கம்பெனி வாங்கியது கப்பலேறியது. இந்த வேறுபாட்டை அன்றைய குடிகள் உணர்ந்திருந்தார்கள்.

உணர்ந்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? படம் முடிந்த பிறகு நடந்ததுதான் சாட்சி! படம் கயத்தாற்றுப் புளியமரத்தோடு முடிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து விடுகிறோம். ஆனால் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது! மார்ச் மாத இறுதியில் மெக்காலேயின் படை அதன்மேல் மோதித் தோற்றது. மே 24இல்தான், பெரும் படை கொண்டு வந்த பிறகுதான், அது வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே, பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் அந்தப் பேச வராத வீரரை மதிப்போடு எழுதினார்.

அந்தக் கோட்டை எதனால் ஆனது? மண்ணால் ஆனது. மண் சுமந்தவர்கள் யார்? பாளையக்காரரா சுமந்தார்? கூலிக்கு ஆள் பிடித்துச் சில நாளில் கோட்டை எழுப்ப முடியுமா? பெயர் தெரியாத ஆயிரம் கைகள் விரும்பிச் சுமந்த மண் அது. படத்தில் வராத அந்தக் காட்சியைத்தான் உழைப்பாளிகள் மனத்திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

யாருடைய ஆள்?

இனி, நம் நெஞ்சைச் சுட்ட பேச்சு. "அவரு எங்க ஆளு" என்ற பேச்சு.

கட்டபொம்மன் ஒரு சாதிக்கு. வெள்ளையத்தேவன் ஒரு சாதிக்கு. சுப்பிரமணிய பிள்ளை ஒரு சாதிக்கு. சுந்தரலிங்கம் ஒரு சாதிக்கு. ஒரே கோட்டைக்குள் நின்று ஒரே பகைவனோடு போரிட்டவர்களை, இருநூறு ஆண்டுக்குப் பின் வந்த நாம் ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். பானர்மேனின் பீரங்கியால் செய்ய முடியாததை நம் சுவரொட்டிகள் செய்கின்றன!

படத்தின் மேல் ஒரு குறை உண்டென்றால் அதையும் சொல்லிவிடுவோம். வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் காதலுக்குக் கிடைத்த இடம் சுந்தரலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை. கவர்னகிரியில் பிறந்த அந்த வீரன், வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கத் தன் உயிரையே கொடுத்தான் என்பது மக்கள் போற்றி வரும் வரலாறு. அவனுக்கு இன்னும் பல காட்சிகள் இருந்திருக்க வேண்டும். அடுத்த பெஞ்சுக்காரரின் கோபம் நியாயமான கோபமே.

ஆனால் நியாயமான கோபம் எங்கே போய் முடிந்தது? 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. பேருந்து எரிந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அந்த ஆண்டே, எல்லாத் தலைவர்களின் பெயர்களும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. சுந்தரலிங்கம் பெயரும் போயிற்று. கட்டபொம்மன் பெயரும் போயிற்று. ஒரு கோட்டையில் சேர்ந்து நின்றவர்களின் பெயர்கள் ஒரு பேருந்து நிலையத்தில் சேர்ந்து நிற்க முடியவில்லை! வெட்கப்பட வேண்டியது யார்?

எட்டையபுரத்து விஷயமும் இதே வகைதான். கம்பெனிக்கு அன்றைய எட்டையபுரம் பாளையக்காரர் துணை போனது உண்மை. தூக்குக்கு மறுநாள் பானர்மேன் எழுதிய கடிதம் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்று நூலில் இருக்கிறது. விசாரணை நேரம் முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், எட்டையபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு பார்த்ததையும் அந்தப் பகைவனே எழுதியிருக்கிறான். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். படம் பார்த்தவர்கள் இதைப் பெரும்பாலும் அறியமாட்டார்கள். துரோகத்துக்கு ஒரு ஊரின் பெயரை வைத்துவிட்டோம். அந்த ஊர்தானே 1882இல் பாரதியையும் பெற்றது? அரண்மனை செய்த தவறுக்கு அங்கே ஏர் ஓட்டியவனும் தறி நெய்தவனும் பழி சுமப்பானேன்? துரோகம் பிறப்பில் இல்லை, தோழர்களே; பக்கத்தில் நிற்பவனைக் காட்டிக்கொடுத்து நாற்காலி வாங்கும் புத்தியில் இருக்கிறது. அது எந்த ஊரிலும் உண்டு, எந்தச் சாதியிலும் உண்டு. வேலைநிறுத்த நாளில் பின்வாசல் வழியே உள்ளே போனவனின் சாதியைக் கேட்டா அவனை அடையாளம் கண்டோம்?

ஆளுக்கொரு கல்

கயத்தாற்றில் இன்று மணிமண்டபம் இருக்கிறது. 2015இல் அரசு திறந்தது. அதற்கு முன்பே, 1970இல், சிவாஜி கணேசன் அங்கே சொந்தச் செலவில் இடம் வாங்கிச் சிலை நிறுத்தினார். நடித்துச் சம்பாதித்ததில் ஒரு பகுதியை, நடித்த கதை நடந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுத்த செயலை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் மண்டபத்துக்கும் சிலைக்கும் முன்னே அங்கே இருந்த நினைவுச்சின்னம் எது? கற்குவியல். அவ்வழியே போன மாட்டு வண்டிக்காரனும் கூலிக்காரனும் கால்நடையாய்ப் போனவனும், தூக்கிலிட்ட இடத்தில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது இந்த வட்டாரம் சொல்லும் செய்தி. வெள்ளையன் ஆண்ட காலம் அது. சிலை வைக்க முடியாது. பெயர் எழுத முடியாது. ஒரு கல்லை எடுத்து வைக்க எவன் தடை போட முடியும்? குவியலில் எந்தக் கல் எந்தச் சாதிக்காரன் வைத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அது வளர்ந்தது.

பழைய காட்சியைத் திரும்பப் பார்ப்பதும், தேநீர்க் கடையில் அதைப் பற்றி வாதாடுவதும் அந்தக் குவியலில் வைக்கும் கல்லாக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்மேல் எறியும் கல்லாக வேண்டாம்.

ஆகவே, பாருங்கள். நூறாவது முறையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு வசனத்தைச் சொல்லிக்கொடுங்கள். கூடவே அந்த மூன்று மணி நேர நிற்றலையும் சொல்லுங்கள். ஜாக்சன் போய் லூஷிங்டன் வந்த கதையைச் சொல்லுங்கள். சுந்தரலிங்கத்தின் பெயரைச் சொல்லுங்கள். கோட்டைக்கு மண் சுமந்த, பெயர் தெரியாத கைகளைச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் கயத்தாற்றுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

அன்று மாலை கடை மூடும் நேரத்தில், சுந்தரலிங்கம் பற்றிக் கேட்டவரும், "எங்க ஆளு" என்றவரும் ஒரே பேருந்துக்காகக் காத்து நின்றார்கள். இருவருக்கும் மறுநாள் காலை ஒரே தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை, ஒரே கூலி, ஒரே நிற்றல். அந்தக் கூலி போதாது என்று கேட்க வேண்டிய நாள் வரும்போது இருவரும் சேர்ந்து நின்று கேட்பார்களானால், அதுவே அந்தக் காட்சியைச் சரியாகப் பார்த்ததற்கு அடையாளம்.